மூச்சைப் பிடிக்க முடியாதவர்

குத்தாலம் என்று சொன்னவுடன் வெளியூர்க்காரர்கள் அருவியில் தண்ணீர் விழுகிறதா என்று கேட்பார்கள். அது தென்காசிப் பக்கத்துக் குற்றாலம். எங்கள் குத்தாலம் கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையில், காவிரியின் தென்கரையில் இருக்கிறது. அருவி கிடையாது, படித்துறை உண்டு. மேட்டூரில் திறந்த தண்ணீர் வந்து சேர்ந்ததும் படித்துறையிலிருந்து குதித்து, அடிக்குப் போய் ஒரு பிடி மணலை அள்ளிக்கொண்டு மேலே வருவதுதான் அப்பா காலத்துப் பையன்களின் பந்தயம். கடைசியாகத் தலையைத் தூக்குகிறவன் ஜெயித்தவன். அப்பா பெரும்பாலும் ஜெயித்திருக்கிறார். அவர் சொல்லி மட்டும் நான் இதை எழுதவில்லை. கூடவே குதித்த பெரியப்பாவும் அப்படித்தான் சொல்வார்.

அந்த மனிதரால் 71 வயதில் 12 விநாடி மூச்சைப் பிடித்து வைத்திருக்க முடியவில்லை.

இதயம் பெருத்திருக்கிறது, எக்கோவில் தெரிந்தது போதாது, எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்துவிடலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததால் தஞ்சாவூருக்குப் போயிருந்தோம். மார்பில் ஈசிஜி வயர்களை ஒட்டி, அதன்மேல் கனமான ஒரு பட்டையை வைத்துக் கட்டி, காதில் ஹெட்போனை மாட்டி அப்பாவை உள்ளே தள்ளினார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த டெக்னீஷியன் பையன் மைக்கில் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே இருந்தான். "மூச்ச இழுங்க ஐயா… வுடுங்க… இப்ப அப்படியே நிறுத்துங்க." கடகடவென்று சத்தம். 12, 13 விநாடி கழித்து, "இப்ப மூச்சு வுடலாம்." இதயத்தை ரொட்டித் துண்டு மாதிரி பத்துப் பன்னிரண்டு குறுக்குத் துண்டுகளாகப் பார்ப்பார்கள்; துண்டுக்கு ஒரு தடவை மூச்சை நிறுத்த வேண்டும். முதல் மூன்றுக்கு அப்பா சமாளித்தார். நான்காவதில் எட்டாவது விநாடியிலேயே இருமல் வந்துவிட்டது. திரையில் வந்த படத்தில் இதயத்தின் சுவர், குளத்தில் கல் விழுந்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக நாலைந்து வளையங்களாகத் தெரிந்தது. மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் அப்படியே. கொஞ்ச நேரத்தில் முடிந்திருக்க வேண்டியது ஒரு மணி நேரத்தைத் தாண்டியது.

வெளியே வந்த அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டே அந்தப் பையனிடம் சொன்னார்: "நான்தான் தம்பி கெடுத்துட்டேன்."

இந்த அத்தியாயத்தை எழுத வைத்தது அந்த ஒரு வாக்கியம். கெடுத்தது அவர் இல்லை. அவருடைய இதயத்தைப் பார்க்க அந்த மெஷின் எதற்காக அவரிடம் 12 விநாடி கடன் கேட்டது, அந்தக் கடனைக் குறைக்க உலகத்தில் யார் யார் என்ன கணக்குப் போட்டார்கள் என்பதை அவருக்குச் சொல்வது போலவே இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். போட்டோ என்றால் கேமரா எடுக்கிறது. எக்ஸ்ரே என்றால் நிழல் விழுகிறது. சிடி ஸ்கேனும் எம்ஆர்ஐயும் இந்த இரண்டிலும் சேராதவை. அவை படம் எடுப்பதில்லை, அளவு எடுக்கின்றன. அந்த அளவுகளிலிருந்து படத்தைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். கணக்கு எவ்வளவு கெட்டிக்காரத்தனமானதோ அவ்வளவு குறைவாக அளந்தால் போதும். குறைவாக அளந்தால் நோயாளி குறைவான நேரம் படுத்தால் போதும்.

அந்தக் கணக்கு எப்படிப்பட்டது என்பதை நாலு சாக்கு நெல்லை வைத்துப் பார்த்துவிடலாம். களத்தில் மேல் வரிசையில் இரண்டு, கீழ் வரிசையில் இரண்டு என்று சதுரமாக நாலு சாக்கு இருக்கிறது. எதையும் பிரித்துப் பார்க்கக்கூடாது. இரண்டிரண்டாகச் சேர்த்து நிறுக்கத்தான் அனுமதி. மேல் வரிசை இரண்டும் சேர்ந்து 7 மரக்கால் நெல்லின் எடை. கீழ் வரிசை 5. இடப்பக்கம் மேலும் கீழும் சேர்ந்து 6, வலப்பக்கமும் 6. குறுக்காக, இட மேலும் வலக் கீழும் 9. வல மேலும் இடக் கீழும் 3. எப்படிக் கூட்டினாலும் மொத்தம் 12 மரக்கால், அதாவது ஒரு கலம்.

இட மேல் சாக்கில் எவ்வளவு? அந்தச் சாக்கு சம்பந்தப்பட்ட மூன்று எடைகளையும் அதன்மேலேயே திருப்பிப் போடுங்கள்: 7, 6, 9. கூட்டினால் 22. இதில் அந்தச் சாக்கு மூன்று தடவை வந்துவிட்டது. மற்ற மூன்றும் ஆளுக்கு ஒரு தடவை ஒட்டிக்கொண்டு வந்துவிட்டன. ஒரு கலத்தைக் கழித்தால் 10, பாதி, 5. அதில் இருப்பது 5 மரக்கால். இதே மாதிரி வல மேல் சாக்குக்கு 7, 6, 3. கூட்டினால் 16, கழித்தால் 4, பாதி 2. மற்ற இரண்டையும் நீங்களே போட்டுப் பாருங்கள். 1, 4 என்று வர வேண்டும்.

சாக்குக்குப் பதில் மூளையின் ஒரு குறுக்குத் துண்டு, எடைக்குப் பதில் பல கோணங்களிலிருந்து பாய்ந்து வந்த எக்ஸ்ரே. அதுதான் சிடி ஸ்கேன். கணக்கில் இரண்டு வேலை இருக்கிறது. ஒவ்வொரு நிழலையும் வந்த வழியே திருப்பிப் பூசுவது ஒன்று. பூசும்போது அக்கம்பக்கத்தில் தேவையில்லாமல் ஒட்டிக்கொண்டதைக் கழிப்பது இன்னொன்று. கழிக்காமல் விட்டால் படம் பனி மூட்டத்தில் பார்த்த மாதிரி இருக்கும். நாலு சாக்குக்கு ஒரு கலத்தைக் கழித்தால் தீர்ந்தது. பல்லாயிரம் புள்ளிகள் இருக்கும் படத்தில் எதை, எங்கே, எவ்வளவு கழிப்பது?

1917-லேயே ஆஸ்திரியக் கணிதவியலாளர் யோஹான் ராடோன் இதற்குத் தாளில் விடை எழுதிவிட்டார். ஆனால் தாளில் இருக்கும் விடையை அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் வேகமாகப் போட வேண்டும் என்பது வேறு பிரச்சினை. அதற்கு ஒரு எளிய வழியைச் சொன்னவர்களில் இரண்டு பேர் நம் பக்கத்து ஆட்கள். ஜி. என். ராமச்சந்திரன், ஏ. வி. லட்சுமிநாராயணன்.

ராமச்சந்திரன் 1922-ல் எர்ணாகுளத்தில் பிறந்தவர். இயற்பியல் படித்தது காவிரிக்கரையில், திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில். பிறகு பெங்களூரில் சி. வி. ராமனிடம் மாணவர். 1952-ல், ஏறக்குறைய 30 வயதில், சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர். நம் தோலையும் தசைநாணையும் எலும்பையும் பிடித்து வைத்திருக்கும் கொலாஜன் என்ற புரதம் முப்புரியாக முறுக்கிய கயிறு போன்றது என்று கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து சென்னையிலிருந்து உலகத்துக்குச் சொன்னவர் அவர். புரதங்களைப் படிக்கும் மாணவர்கள் இன்றும் முதல் வாரத்திலேயே ராமச்சந்திரன் வரைபடத்தைக் கற்கிறார்கள். இவ்வளவையும் செய்த மனிதர் சிடி ஸ்கேனுக்கும் கணக்குப் போட்டார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாமலே இருப்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

சென்னையை விட்டு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குப் போன புதிதில், 1971 செப்டம்பரில், அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் அவரும் லட்சுமிநாராயணனும் ஐந்து பக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார்கள். அதுவரை எலக்ட்ரான் நுண்நோக்கிப் படங்களிலிருந்து முப்பரிமாண வடிவத்தைக் கண்டுபிடிக்கிறவர்கள் ஃபூரியே மாற்றம் என்ற பெரிய கணக்கைப் போட்டு, திரும்பவும் அதையே தலைகீழாகப் போட்டு விடைக்கு வந்துகொண்டிருந்தார்கள். அந்தச் சுற்று வழி வேண்டாம், நிழலின் ஒவ்வொரு புள்ளியிலும் அக்கம்பக்கத்தைக் குறிப்பிட்ட அளவில் கழித்துவிட்டு நேராகப் பூசினால் போதும் என்றார்கள் இவர்கள். ரேடியோ வானியலில் ரொனால்ட் பிரேஸ்வெல் இதையொத்த வழியை முன்பே பயன்படுத்தியிருந்தார். மருத்துவப் படத்துக்கு அது வந்து நிலைத்தது இந்தக் கட்டுரையின் வழியாக.

அந்தக் கழிவுப் பட்டியல் எவ்வளவு சுருக்கமானது என்று பாருங்கள். நடுப்புள்ளிக்குக் கால் பங்கு. இரு பக்கமும் அடுத்த புள்ளியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கழிவு. அதற்கடுத்ததில் ஒன்றுமில்லை. மூன்றாவதில் நூற்றில் ஒரு பங்கு கழிவு. நாலாவதில் ஒன்றுமில்லை. இப்படி ஒன்றுவிட்டு ஒன்று பூஜ்யமாகவே போகிறது. பூஜ்யத்தைப் பெருக்க வேண்டியதில்லை என்பதால் பாதி வேலை மிச்சம். இன்னொரு வசதி, எல்லாக் கோணமும் வந்து சேரும்வரை காத்திருக்கத் தேவையில்லை; ஒரு நிழல் வந்ததும் அதைக் கழித்துப் பூசிவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

அந்தக் கட்டுரை வந்ததற்கு அடுத்த மாதம், 1971 அக்டோபர் 1 அன்று, லண்டன் விம்பிள்டனில் உள்ள அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் மெஷினில் உலகின் முதல் நோயாளிக்குச் சிடி ஸ்கேன் எடுத்தார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு அவருடைய சோதனைச் சாலையில் முதல் படத்துக்கு அளவெடுக்கவே 9 நாள் ஆனது. கம்ப்யூட்டர் அதைப் படமாக்க இரண்டரை மணி நேரம். ஹவுன்ஸ்ஃபீல்டு முதலில் பயன்படுத்தியது வேறொரு கணக்கு. ஆனால் பின்னர் வந்த சிடி மெஷின்களில் பல பத்தாண்டுகள் ஆட்சி செய்தது கழித்துப் பூசும் முறைதான். இன்றைக்கும் படக் கணக்குக்கான மென்பொருளைத் திறந்தால் வடிகட்டிகளின் பட்டியலில் முதலில் நிற்கும் பெயர் 'ராம்-லாக்'. ராமச்சந்திரனில் பாதி, லட்சுமிநாராயணனில் பாதி.

இனி அப்பாவின் எம்ஆர்ஐக்கு வருகிறேன்.

எம்ஆர்ஐயில் எக்ஸ்ரே கிடையாது. பெரிய காந்தத்துக்குள் உடம்பில் இருக்கும் நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்களை மென்மையாகத் தட்டிவிட்டு, அவை திரும்ப ஒலிப்பதைக் கேட்கிறார்கள். 1.5 டெஸ்லா காந்தத்தில் அந்த ஒலிப்பு 64 மெகாஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். எஃப்எம் ரேடியோவுக்குச் சற்றுக் கீழே. எந்த இடத்திலிருந்து எவ்வளவு ஒலிக்கிறது என்பது நேராகக் கிடைக்காது. படத்தை அலைகளாகப் பிரித்தால் எந்த அலை எவ்வளவு இருக்கிறது என்பதுதான் ஒவ்வொரு வரியாக வந்து சேரும். அந்த வரிகளை அடுக்கி வைக்கும் சதுரத்துக்குக் கே-வெளி என்று பெயர்.

கே-வெளி என்றால் என்ன என்று அப்பாவுக்கு நான் சொன்னது இப்படி. எங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் நாதஸ்வர வித்வான் டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் திருவாவடுதுறை. அதற்கப்பால் நாதஸ்வரம் செய்யும் நரசிங்கம்பேட்டை. இந்தப் பக்கத்தில் பிறந்தவர்களுக்குச் சுவாமி புறப்பாடு எந்தத் தெருவில் வருகிறது என்பதைக் காதே சொல்லிவிடும். நாலு தெரு தள்ளி இருக்கும்போது தவிலின் அடி மட்டும் கேட்கும். மேளம் வருகிறது என்று தெரியும். என்ன ராகம் என்று தெரியாது. தெருமுனை திரும்பியதும் நாதஸ்வரம். வாசலுக்கே வந்தபிறகுதான் அந்தப் பிடியின் நுணுக்கம், ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கும் அந்தக் கமகம். கே-வெளியின் நடுவில் இருக்கும் வரிகள் தூரத்துத் தவில். இதயம் எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிது என்பதைச் சொல்லும். ஓரத்து வரிகள் கமகம். வால்வின் விளிம்பும் சுவரின் மெல்லிய கோடும் அங்கேதான் இருக்கின்றன.

இப்போது கணக்கு. நல்ல படத்துக்கு ஏறக்குறைய 192 வரி தேவை என்று வைத்துக்கொள்வோம். ஒரு வரிக்கு 3 மில்லி விநாடி. ஒரு படத்துக்கு 576 மில்லி விநாடி; அரை விநாடிக்கும் மேல். நிமிடத்துக்கு 70 தடவை துடிக்கும் இதயம் ஒரு துடிப்பையே 860 மில்லி விநாடிக்குள் முடித்துவிடுகிறது. அரை விநாடி எடுத்துக்கொண்டால் சுருங்கின இதயமும் விரிந்த இதயமும் ஒரே படத்தில் குழம்பிவிடும். அசைவு தெரிய வேண்டுமானால் படத்துக்கு 40 மில்லி விநாடிக்கு மேல் போகக்கூடாது. அந்த 40-க்குள் 13 வரிதான் கிடைக்கும்.

அதனால் ஒரு தந்திரம் செய்தார்கள். இந்தத் துடிப்பில் 13 வரி, அடுத்த துடிப்பில் அதே கட்டத்தில் அடுத்த 13 வரி, இப்படி 15 துடிப்புகளில் 192 வரியையும் சேர்த்து ஒட்டுவது. 15 துடிப்பு என்றால் சுமார் 13 விநாடி. அப்பாவிடம் கேட்ட கடன் இதுதான். அந்த 13 விநாடியும் மார்பு ஏறி இறங்கக் கூடாது. 15 துடிப்பும் அச்சில் வார்த்தது போல ஒன்றாக இருக்க வேண்டும். நுரையீரலில் நீர் கோத்தவருக்கும், துடிப்பு தாளம் தப்பியவருக்கும், குழந்தைக்கும் இது எப்படி முடியும்? யாருக்கு இதயத்தைப் பார்க்க வேண்டிய அவசியம் அதிகமோ அவர்களால்தான் இந்தக் கடனைக் கொடுக்க முடியாது. இதை நினைக்கும்போதெல்லாம் அப்பா சட்டை பொத்தானைப் போட்டுக்கொண்டு நின்றது எனக்கு ஞாபகம் வரும்.

மெஷினையே இன்னும் வேகமாக ஓட்டினால் என்ன என்று கேட்கலாம். காந்தப்புலத்தை அளவுக்கு மீறி வேகமாக மாற்றினால் உடம்பின் நரம்புகள் தாமாகவே துடிக்க ஆரம்பிக்கும், சதை சுண்டும். மனித உடம்பே ஒரு எல்லை போட்டுவிட்டது. மிச்சமிருந்த ஒரே வழி, வரிகளை விட்டுவிட்டு எடுப்பது; விட்டதைக் கணக்கால் நிரப்புவது.

ஒன்றுவிட்டு ஒன்றாக விட்டால் பாதி நேரம் மிச்சம். ஆனால் படம் இரண்டாக மடிந்துவிடும். முதுகு வந்து மார்பின்மேல் உட்காரும். 1997-ல் அமெரிக்காவில் டேனியல் சோடிக்சனும், 1999-ல் சூரிச்சில் கிளாஸ் ப்ரூஸ்மனும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். மார்பில் கட்டும் பட்டைக்குள் ஒரு காதுக்குப் பதில் பல காதுகள் இருப்பதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். ஒவ்வொரு காதும் தன் பக்கத்தில் இருப்பதை உரக்கக் கேட்கும். மடிந்து விழுந்ததில் எது முதுகு, எது மார்பு என்று அந்த வித்தியாசத்தை வைத்துப் பிரித்துவிடலாம். 2 மடங்கு, 3 மடங்கு வேகம் சாதாரணமாகக் கிடைத்தது. அதற்கு மேல் போனால் இரைச்சல் ஏறிப் படம் மணல் மணலாகிவிடும்.

அடுத்த பெரிய பாய்ச்சல் வந்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. ராம்-லாக் வடிகட்டியைக் கொஞ்சம் மென்மையாக்கி 1974-ல் லாரி ஷெப்பும் பெஞ்சமின் லோகனும் ஒரு கட்டுரை எழுதினார்கள். தங்கள் முறையைச் சோதிக்க மண்டையோடு மாதிரி சில நீள்வட்டங்களை வரைந்த ஒரு பொம்மைப் படத்தையும் அதில் கொடுத்தார்கள். அன்று முதல் புதுக் கணக்குப் போடுகிற எல்லோரும் அந்த மண்டையோட்டில்தான் வெள்ளோட்டம் பார்ப்பார்கள். முப்பது வருடம் கழித்து அதே பொம்மையை எடுத்துக்கொண்டார் இம்மானுவேல் கான்டே. கே-வெளியில் நடுவழியாகப் போகும் 22 கோடுகளில் மட்டும் அளந்ததாக வைத்துக்கொண்டார். 512-க்கு 512 புள்ளிகள் கொண்ட படத்துக்கு அது நூற்றில் 5 பங்குகூட இல்லை. மங்கலாக ஏதாவது வரும் என்று எதிர்பார்க்கிற இடத்தில் மண்டையோடு ஒரு புள்ளி பிசகாமல் அப்படியே வந்து நின்றது. ஏன் வந்தது என்பதை அவரும் ஜஸ்டின் ராம்பர்க்கும் டெரன்ஸ் டாவோவும் நிறுவிக் கட்டுரையாக்கியது 2006-ல். டேவிட் டோனஹோவும் அதே ஆண்டில் அதே முடிவுக்கு வந்தார். கம்ப்ரெஸ்டு சென்சிங் என்று இதற்குப் பெயர். 2007-ல் மிக்கி லஸ்டிக், டோனஹோ, ஜான் பாலி மூவரும் இதை நிஜ எம்ஆர்ஐக்குக் கொண்டுவந்தார்கள்.

இது நடக்க இரண்டு விஷயம் சேர வேண்டும். வரிகளை ஒழுங்காக விடாமல், தாறுமாறாக விட வேண்டும் என்பது ஒன்று. எங்கள் வயல்களில் மகசூலை மதிப்பிட அறுவடைச் சோதனை நடக்கும்போது கவனித்திருக்கிறேன். ஊர் வயலையெல்லாம் யாரும் அறுத்து நிறுப்பதில்லை. 5 மீட்டருக்கு 5 மீட்டர் துண்டு ஒன்றை அளந்து, கயிறு கட்டி, அறுத்து, அடித்து, நெல்லை நிறுப்பார்கள். அந்தத் துண்டு எது என்பதை விவசாயியும் தேர்ந்தெடுக்கக் கூடாது, வந்த அதிகாரியும் கூடாது. எண் பட்டியல்தான் சொல்ல வேண்டும். எப்போதும் வரப்போரமாகவே அறுத்தால், எலி வெட்டியதும் நிழல் விழுந்ததும் கணக்கில் ஏறி, ஊரே விளையாத மாதிரி ஆகிவிடும். ஒழுங்காக விடுகிற அளவில் இப்படி ஒரு ஒழுங்கான பொய் வந்து உட்காரும். நிஜ இதயத்துக்கும் மடிந்து வந்த இதயத்துக்கும் வித்தியாசம் தெரியாது. தாறுமாறாக விட்டால் பிழையும் தூசி மாதிரி எங்கும் சிதறும். சிதறின தூசியைத் துடைத்துவிடலாம்.

இரண்டாவது, படத்தில் புதுச் செய்தி கொஞ்சமாக இருக்க வேண்டும். இங்கேதான் அசையும் படங்களுக்கு அதிர்ஷ்டம். நடவு முடிந்த வயலை வரப்பில் உட்கார்ந்து ஒரு நிமிடம் பாருங்கள். வயல் அப்படியே இருக்கிறது, தண்ணீர் அப்படியே, தென்னை அப்படியே. ஒரு கொக்கு மட்டும் ஒரு காலைத் தூக்கி, யோசித்து, அடுத்த அடி வைக்கிறது. அந்த ஒரு நிமிடத்தை இன்னொருவருக்குச் சொல்ல வேண்டுமானால் வயலை ஒரு தடவை சொன்னால் போதும்; அதற்குப் பிறகு கொக்கைப் பற்றி மட்டும் பேசலாம். இதயப் படமும் அப்படித்தான். மார்புச் சுவரும் முதுகெலும்பும் வயல். சுருங்கி விரியும் சுவர்தான் கொக்கு. 2011-ல் சஜன் கௌட் லிங்காலாவும் மேத்யூஸ் ஜேக்கபும் அவர்கள் குழுவும் இந்த எண்ணத்தை ஒரு முறையாக்கினார்கள்: அசையும் படத்தின் எல்லாச் சட்டகங்களும் சில அடிப்படைப் படங்களின் கலவையே, அந்தச் சிலவற்றைக் கண்டுபிடித்தால் விட்ட வரிகள் தாமாக நிரம்பும். 2015-ல் ரிக்கார்டோ ஒட்டாசோ குழு வயலையும் கொக்கையும் வெளிப்படையாகவே இரண்டு தாளில் பிரித்து எழுதியது.

இணையான வரிகளுக்குப் பதில், சக்கரத்தின் ஆரம் போல நடுவழியாகப் போகும் கோடுகளில் அளக்கும் வழக்கமும் திரும்பி வந்தது. ராமச்சந்திரன் காலத்துக் கோணங்களே மறுபடி வந்த மாதிரிதான். 1973-ல் பால் லாட்டர்பர் இரண்டு சின்ன நீர்க்குழாய்களை வைத்து எடுத்த முதல் எம்ஆர்ஐ படமே நாலு கோணத்து நிழல்களிலிருந்து கணக்கிட்டதுதான். ஆரக்கோடுகளில் ஒவ்வொன்றும் நடுவைத் தொட்டுவிட்டுப் போகிறது; அதாவது ஒவ்வொரு கோட்டிலும் தவில் கேட்கிறது. அதனால் நடுவில் மூச்சு விட்டாலும் படம் முழுக்கச் சிதறுவதில்லை. கோட்டுக்குக் கோடு 111.25 பாகை திருப்பினால், தொடர்ச்சியாக எந்த இடத்தில் எத்தனை கோடுகளை வெட்டி எடுத்தாலும் அவை வட்டம் முழுவதும் பரவலாக நிற்கும். ஓடுகிற அளவிலிருந்து நமக்கு வேண்டிய நீளத்துக்கு வெட்டிப் படமாக்கிக்கொள்ளலாம்.

ஜெர்மனியின் கோட்டிங்கனில் யென்ஸ் ஃப்ராமும் மார்ட்டின் யூக்கரும் 2010-ல் ஒரு படத்துக்கு 20 மில்லி விநாடி வரை வந்தார்கள். விநாடிக்கு 50 படம். ஈசிஜியோடு ஒட்டவைப்பது இல்லை, மூச்சை நிறுத்துவது இல்லை; துடிப்பது துடிக்கிறபடியே தெரிந்தது. தாளம் தப்பிய துடிப்பு அதன் தப்போடேயே தெரிந்தது. அதற்கு மாற்றாக இந்தக் கணக்கு கம்ப்யூட்டரிடம் நேரம் கேட்டது. நோயாளி கொடுத்துக்கொண்டிருந்த கடனைக் கம்ப்யூட்டரின் கணக்கில் எழுதிக்கொண்டார்கள் என்று நான் புரிந்துகொள்கிறேன். 2017 வாக்கில் கம்ப்ரெஸ்டு சென்சிங் முறைகள் அமெரிக்க அனுமதி பெற்று, ஆய்வுக்கூடத்திலிருந்து மருத்துவமனை மெஷின்களுக்கு வந்தன.

அதே சமயத்தில் செயற்கை நுண்ணறிவும் வந்தது. 2018-ல் நியூயார்க் பல்கலைக்கழகமும் ஃபேஸ்புக்கும் சேர்ந்து 1,500-க்கு மேற்பட்ட முழங்கால் எம்ஆர்ஐகளின் மூல அளவுகளை எல்லோருக்கும் திறந்துவிட்டன. சென்னை ஐஐடியின் மருத்துவத் தொழில்நுட்ப மையத்திலும் ஆராய்ச்சியாளர்கள் இதயப் படங்களை வைத்து இந்த வேலையைச் செய்து கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகிய வலைப்பின்னல், விட்ட வரிகளைக் கண்ணிமைக்கும் நேரத்தில் நிரப்புகிறது.

எனக்கு இதில் நம்பிக்கையும் உண்டு, பயமும் உண்டு. பயத்தைக் கிராமத்து வார்த்தையில் சொன்னால் இது அடங்கல் பயம். எந்தச் சர்வே எண்ணில் என்ன பயிர் என்று அடங்கலில் எழுத, வயலுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். போகாமலே போன வருடத்தைப் பார்த்து 'நெல்' என்று எழுதினாலும் பத்துக்கு ஒன்பது தடவை சரியாகத்தான் இருக்கும். அந்தப் பத்தாவது ஆள், இந்த வருடம் உளுந்து போட்டவர், நிவாரணம் வாங்கப் போகும்போதுதான் வினை. பழகிய வலைப்பின்னலும் வழக்கமான இதயத்தை நன்றாக வரையும். ஒருவருக்கு மட்டும் சுவரில் ஒரு சிறு தழும்பு இருந்தால், அதை வழித்துவிட்டு அழகான சுவரை வரைந்துவிடலாம். இல்லாத ஒன்றைச் சேர்த்தும் வரையலாம். இப்படிப்பட்ட வலைப்பின்னல்களுக்கு 2020-ல் நடந்த ஒப்பீட்டுப் போட்டியில் நிஜத்தில் இல்லாத அமைப்புகள் சில படங்களில் முளைத்திருப்பதைக் கதிரியக்க மருத்துவர்களே கண்டு சொன்னார்கள்.

இதனால்தான் நல்ல முறைகளில் ஒரு கட்டாயம் வைத்திருக்கிறார்கள். வலைப்பின்னல் எதை வரைந்தாலும், வரைந்ததை மறுபடி அலைகளாகப் பிரித்து, அளந்த வரிகளோடு ஒப்பிட வேண்டும். பொருந்தாவிட்டால் அளந்ததுதான் ஜெயிக்கும். வரைந்ததைத் திருத்த வேண்டும். இந்த ஒப்பீட்டை ஒரு தடவை செய்தால் போதாது, ஒவ்வொரு படியிலும் செய்ய வேண்டும். இருந்தாலும் அளக்காத வரிகளில் என்ன இருந்தது என்பதற்கு இது சாட்சி சொல்லாது. எத்தனை மடங்கு விடலாம் என்ற முடிவை, இதயத்தைப் பார்த்துப் பழகிய டாக்டரின் கண்ணைத் தாண்டி எந்தக் கணக்கும் எடுக்கக் கூடாது என்பது என் கட்சி.

ஆறு வருடம் கழித்து அப்பாவுக்கு மறுபடி இதயத்தைப் பார்க்க வேண்டி வந்தது. இந்தத் தடவை சென்னையில், புது மெஷின். காலையில் குத்தாலத்தில் ரயில் ஏறும்போதே பயிற்சி ஆரம்பித்துவிட்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மூச்சைப் பிடிப்பார். ஏழு, எட்டு வந்ததும் முகம் சிவந்து விட்டுவிடுவார். எதிரில் இருந்த அம்மாள் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். மயிலாடுதுறை தாண்டி, சிதம்பரம் தாண்டியும் நிறுத்தவில்லை.

உள்ளே போய் அரை மணி நேரத்துக்கும் குறைவாகத்தான் ஆகியிருக்கும். கதவைத் திறந்துகொண்டு வந்தவரின் முகத்தில் குழப்பம்.

"என்னப்பா, முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சுங்குறாங்க. எப்ப மூச்ச நிறுத்தச் சொல்லுவாங்கன்னு நான் காத்துகிட்டே கெடந்தேன். அந்தப் பொண்ணு சொல்லவே இல்ல."